நான் பேசும் ஆங்கிலம் நேரில் மட்டும் புரியவில்லை என்கிறார்கள்: உச்சரிப்பு வகுப்பில் சேரலாமா?

இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். போனில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை, நேரில்தான் "என்ன?" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

1992-ல் டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் அமெரிக்க மாணவர்களுக்கு ஒரு விரிவுரை ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். குரல் ஒரு அமெரிக்கப் பெண்ணுடையது. சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், சிலருக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் இல்லாத அயல் உச்சரிப்பைக் கேட்டார்கள். பாடமும் குறைவாகவே புரிந்தது!

ஒரு சோதனை:

1. வேலை விஷயமாக ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள்.
2. உங்களைத் தெரியாத இரண்டு பேரிடம், பெயரும் படமும் இல்லாமல், கேட்டதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். "என் உச்சரிப்பு எப்படி?" என்று கேட்டால் அபிப்பிராயம்தான் வரும்.
3. இருவரும் ஒரே சொல்லைத் தவறவிட்டால் அதை மட்டும் திருத்துங்கள்.

தமிழர்களுக்குப் பெரும்பாலும் சிக்குவது ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் 'ப' (p). காற்றைத் தள்ளாமல் சொன்னால், மூட்டை கட்டும் 'பேக்' (pack) ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் காதில் 'பின்னால்' என்ற 'பேக்' (back) ஆகிவிடும். உதட்டுக்கு முன் மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள்; அது அசைய வேண்டும். 'டெவெலப்' (develop) போன்ற சொல்லில் அழுத்தம் 'வெ' மேல், 'டெ' மேல் அல்ல.

ஒன்று கவனியுங்கள்: நேரில் பேசும் இடம் இரைச்சலானதா? அப்படியென்றால் முகத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. அடிக்கடி "என்ன?" கேட்டுப் பழகியவர்கள் குரலைத் தாழ்த்தி வேகமாக முடிக்கப் பார்ப்பார்கள். அப்போது நிஜமாகவே புரியாது.