உதட்டுத் தழும்பும் கிரகணப் பழியும்

சகோதரி, தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் மகள் உதட்டுத் தழும்பைக் கையால் மூடிக்கொண்டே பேசுகிறாள், மாமியாரோ கிரகணத்தன்று நீங்கள் கர்ப்பத்தோடு வெளியே போனதன் பலன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நெஞ்சு கனத்துவிட்டது. நானும் உதட்டுப்பிளவோடு பிறந்தவன். வகுப்புப் படம் எடுக்கும் நாளில் கைக்குட்டையை வாயில் வைத்து இருமுவதுபோல் நடிப்பேன்.

கருவின் மேலுதடு 4 முதல் 7 வாரத்துக்குள் இணைய வேண்டும். இணையாமல் போவதற்குப் பரம்பரையும் வேறு பலவும் காரணமாகலாம். கிரகணத்துக்கு அதில் பங்கே இல்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருந்த சீனப் பாட்டி, அம்மா கர்ப்பமாக இருந்தபோது கட்டிலில் கத்தரிக்கோலைப் பிடித்திருப்பார் என்றார். ஆளுக்கொரு காரணம், குற்றவாளி மட்டும் தாய்! அம்மா அழும்போதெல்லாம் என் முகத்தால்தான் என்று குன்றிப்போவேன். உங்கள் மகள் காதிலும் அந்தப் பேச்சு விழுகிறது. மாமியாரிடம் உங்கள் கணவரே பேசட்டும்.

"பிறக்கும்போது உதடு சேரவில்லை, டாக்டர் தைத்துவிட்டார்" என்று சொல்ல மகளைப் பழக்குங்கள். வகுப்பாசிரியரிடமும் சொல்லிவையுங்கள். சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் காட்டுகிறீர்கள் என்றால், அடுத்த முறை மனநல ஆலோசகரையும் கேளுங்கள். கையை எடு என்று மட்டும் அதட்டாதீர்கள். அம்மா அதட்டியபோதெல்லாம் என் கை இன்னும் இறுகியது.