யார் போட்ட திட்டம்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ரங்கூனுக்கு வெளியே ஒரு சிற்றூரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். 2021-க்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பவில்லை. இப்போது கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 2012-லிருந்து வெளிநாட்டார் நம் பர்மாவின் கல்விக்குப் பணம் கொடுத்தார்கள், உட்கார்ந்து திட்டம் எழுதினார்கள், எங்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எழுந்து போய்விட்டார்கள். எல்லாம் வீண்தானா? அவர்கள் எழுதிக் கொடுத்த திட்டம் என்பதால்தான் நிற்கவில்லையா? அதில் தமிழுக்கு ஏன் இடமே இல்லை? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

என் பேத்தி 2016-இல் கேஜியில் சேர்ந்தாள். நாடு முழுவதும் புதிதாக ஆரம்பித்த கேஜி அது. அதற்கு அடுத்த வருஷம் ஜூனில் முதல் வகுப்புப் புத்தகம் கொண்டுவந்தாள். ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவின் துணையோடு தயாரான புத்தகம். கலர் படம், பக்கத்துக்கு நாலு வரி எழுத்து, பிள்ளையே எதையாவது எண்ணிப் பார்க்கவும் வரையவும் இடம். நாமெல்லாம் 'க ஜீ, க க்வே' என்று பர்மிய அரிச்சுவடியைத் தொண்டை வறளக் கத்திப் படித்தவர்கள். என் வீட்டுக்காரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் எதை மனப்பாடம் பண்ணச் சொல்வது?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். ஆனால் மறுநாள் பள்ளி வாசலில் சயாமாவும் (ஆசிரியையும்) என்னிடம் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்டார். லீவில் சில நாள் பயிற்சி கொடுத்தார்களாம். அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு 'குழுவாகப் பேச விடுங்கள்' என்றால் எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பயிற்சியில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

வீணா என்று கேட்டால், அந்தப் புத்தகம் வீண் இல்லை. அது பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்தது.

இனி திட்டத்துக்கு வருகிறேன். 2012-இல் 'விரிவான கல்வித்துறை ஆய்வு' என்று ஒன்று தொடங்கியது. கல்வி அமைச்சகம் நடத்த, யுனிசெஃப், யுனெஸ்கோ, உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பலரும் கூட உட்கார்ந்தார்கள். அதுவரை கல்விக்கு அரசு செலவழித்தது நாட்டு வருமானத்தில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, அதனால் ஆய்வுக்கு வேலை நிறையவே இருந்தது. அது முடிவதற்குள், 2013-இல், ஜனாதிபதி அலுவலகம் தன் பங்குக்கு வேறொரு குழுவைப் போட்டது. ஒரே வீட்டில் இரண்டு சமையல். 2014 செப்டம்பரில் தேசியக் கல்விச் சட்டம் வந்தது. மாணவர்கள் ஏற்கவில்லை. சங்கம் வைக்கும் உரிமை வேண்டும், தாய்மொழியில் கல்வி வேண்டும், எல்லாவற்றையும் மேலிருந்தே முடிவு செய்யக் கூடாது என்று மண்டலேயிலிருந்து ரங்கூனுக்கு நடந்தே கிளம்பினார்கள். 2015 மார்ச் 10-ஆம் தேதி வழியில் லெப்பாடான் ஊரில் போலீஸ் அவர்களை அடித்து வண்டியில் ஏற்றியது. அந்தக் காலத்தில் நம் போலீசுக்குக் கூட்டத்தைக் கையாளப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது ஐரோப்பிய ஒன்றியம். கல்விக்கும் அவர்களேதான் பணம் கொடுத்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கும்.

அப்புறம் ஆட்சி மாறி, 2017 பிப்ரவரியில் புது ஆட்சியை நடத்திய ஆங் சான் சூகி முன்னிலையில் தேசியக் கல்வி வியூகத் திட்டம் வெளியானது. 2016 முதல் 2021 வரைக்கான திட்டம். ஒன்பது 'மாற்றங்கள்', அவற்றுக்குக் குறியீடுகள், அளவுகோல்கள். நடை கொடையாளர்களின் நடைதான், அதை மறைக்க முடியாது. ஆனாலும் அவர்கள் எழுதியதால் அது விழுந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆசிரியர் சம்பளம் எப்போதும் அரசுப் பணம்தான். வெளிப்பணம் வந்த வழிகளும் ஒரே மாதிரி இல்லை. பள்ளிகளுக்கு மானியமும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கொடுக்க 2014-இல் உலக வங்கி 8 கோடி டாலர் தந்தது. அது கடன், நம் பேரப்பிள்ளைகள் கட்ட வேண்டியது. கூடவே ஆஸ்திரேலியா 2 கோடியை இலவசமாகத் தந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்கி, 'சொன்னதைச் செய்தால் தவணை' என்று நேரே கஜானாவில் போட ஒப்புக்கொண்டது.

இவற்றில் எந்த வழியாக வந்தாலும் பணமோ முடிவோ அமைச்சகத்தைத் தொட்டுத்தான் வந்தது. 2005-இல் பாரிஸில் பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்ட விதியே அதுதான்: உதவி பெறும் நாடு தன் திட்டத்துக்குத் தானே சொந்தக்காரராக இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாடு என்றால் தலைநகர் நேபிடாவில் இருக்கும் ஓர் அலுவலகம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி அந்த அலுவலகம் ராணுவத்தின் கைக்கு மாறியதும் சாவியும் கூடவே போனது. உலக வங்கியும் ஐரோப்பியரும் பணத்தை நிறுத்தினார்கள். நிறுத்தாமல் என்ன செய்வது? ராணுவத்தை எதிர்த்து வேலைக்குப் போகாததால், அந்த மே மாதத்துக்குள் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் ஆனார்கள் என்று ஆசிரியர் சங்கம் கணக்குச் சொன்னது. திட்டத்தை வகுப்பறைக்குக் கொண்டுபோக வேண்டியவர்களே அவர்கள்தான்.

மோல்மீன் பக்கம் மோன் இனத்தார் நடத்தும் மோன் தேசியப் பள்ளிகளைப் பாருங்கள். ராணுவ ஆட்சிக் காலங்களிலேயே தாங்களாக நடத்தி வந்தவை. சின்ன வகுப்புகளில் மோன் மொழி, மேலே போகப் போக பர்மியம். அமைச்சகத்தை நம்பி இல்லாததால் 2021-க்குப் பிறகும் ஓடின. மாணவர்கள் நடந்தே வந்து கேட்டதும் கிட்டத்தட்ட இதையேதான். திட்டம் போட்ட மேஜையில் மோன், கரேன் போன்ற இனத்தாருக்கு ஓரத்தில்தான் நாற்காலி.

பள்ளி மானியத்தை நானும் கிட்டே இருந்து பார்த்தேன். பெற்றோர் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். 'பள்ளியின் தேவையை நீங்களே தீர்மானியுங்கள்' என்று ஒரு படிவம் வந்தது. வந்தபோதே அது பென்சிலில் நிரப்பப்பட்டிருந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை, படிவத்தில் இருந்தது முன்சுவருக்குப் பெயின்ட். தலைமை சயாமாஜீ மெதுவாக, "இதைத்தான் ஒத்துக்கொள்வார்களாம், சயா" என்றார். நானும் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். சுவர் நன்றாகத்தான் இருந்தது.

தமிழ் விஷயம். சட்டத்திலும் திட்டத்திலும் தேசிய இனங்களின் மொழிகளைக் கற்பிக்க வழி உண்டு. அரசு சொல்லும் 135 தேசிய இனங்களில் நாம் இல்லை. பட்டியலை வெளிநாட்டார் போடவில்லை, ஆனால் கையில் கொடுத்த பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறுபதுகளில் தனியார் பள்ளிகள் தேசியமயமான பிறகு தமிழ் கோயிலுக்குள் போனது, இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. நாமாவது போய்க் கேட்டோமா? 2012-க்குப் பிறகு ரங்கூனில் எத்தனையோ கலந்தாய்வுக் கூட்டம் நடந்தது. எனக்குத் தெரிந்து நம் ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும்தான். கும்பாபிஷேகக் கமிட்டிக்கு மட்டும் அடித்துக்கொண்டோம்.

பேத்திக்கு மூன்றாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிந்துபோனது. 2020-இல் கொரோனா, அடுத்த வருஷம் நாங்களே அனுப்பவில்லை. அவளுடைய முதல் வகுப்புக் கணக்குப் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, அட்டை மட்டும் கிழிந்திருக்கும். உங்கள் கோயில் பிள்ளைகளுக்குத் தமிழில் எண் சொல்லிக்கொடுக்க அந்தப் படங்கள் உதவும் என்றால் எழுதுங்கள், அடுத்த வாரம் அந்தப் பக்கம் வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.