ரஷ்யப் பெரும்புள்ளியின் வீடு மலிவாக வருகிறதா?

கேள்வி: லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கிறோம். சர்ரேயில் ஒரு வீடு சந்தை விலைக்குக் குறைவாக வருகிறது. விற்பது பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான கம்பெனி. அதன் பின்னால் இருப்பவர் ரஷ்யாவை விட்டு ஓடிவந்த கோடீஸ்வரர் என்கிறார் தரகர். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் சகோதரி. ஆள் ரஷ்யர் என்பதற்காகச் சொல்லவில்லை. அடைக்கலம் தேடி வந்தவர் வேறு, பிரிட்டிஷ் அரசு சொத்தை முடக்கி வைத்திருக்கும் தடைப்பட்டியலில் இருப்பவர் வேறு.

முதலில் கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் வெளிநாட்டு நிறுவனங்களின் பதிவேட்டைப் பாருங்கள். 2022 ஆகஸ்ட் முதல் இருக்கிறது, பார்க்கக் காசில்லை. கம்பெனியின் பெயருக்கு ‘ஓ.இ.’ (OE) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண் வரவேண்டும். எண் இருந்தும் ஆண்டுதோறும் புதுப்பிக்கவில்லை என்றால் பதியாததற்குச் சமம். அப்படிப் பதியாத கம்பெனி 1999 ஜனவரி முதல் வாங்கிய வீடென்றால், நீங்கள் முழுப்பணம் கட்டிச் சாவி வாங்கினாலும் சொத்துரிமையைப் பதியும் லேண்ட் ரிஜிஸ்ட்ரி அலுவலகம் உங்கள் பெயருக்கு மாற்றாது.

அடுத்தது தடைப்பட்டியல். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பதிவேடு கேட்பது 25 சதவீதத்துக்கு மேல் பங்குள்ளவரை. தடைபட்டவரின் மனைவி, மகன், மைத்துனர், பழைய கூட்டாளி என நால்வருக்கும் சரியாக 25 இருந்தால், பங்குக் கணக்கில் ஒருவர் பெயரும் வராது. தடைச் சட்டமோ பாதிக்கு மேல் பங்கையும் பார்க்கும், பங்கே இல்லாமல் பின்னாலிருந்து ஆட்டுவிப்பவரையும் பார்க்கும். ஆகவே மைத்துனர் பெயர் பட்டியலில் இல்லை என்று நிம்மதியடையாதீர்கள். தடைபட்டவரின் சொத்தை உரிமமின்றி வாங்குவது உங்களுக்கும் குற்றம். ரஷ்யப் பணக்காரர்களை இருபது வருடம் கைகுலுக்கி வரவேற்றுவிட்டு, இப்போது துப்பறியும் வேலையை நம் தலையில் கட்டியிருக்கிறார்கள்!

தரகரின் வாய்வார்த்தையை நம்பவே நம்பாதீர்கள். 2003-ல் இங்கே அடைக்கலம் பெற்ற ரஷ்யக் கோடீஸ்வரர் பெரெஸோவ்ஸ்கி, இன்னொரு ரஷ்யக் கோடீஸ்வரரான அப்ரமோவிச்சோடு வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது என்று வழக்காடி 2012-ல் லண்டனில் தோற்றார். அவ்வளவு பெரிய ஆளிடமே கையெழுத்திட்ட தாள் இல்லை. மறுவருடம் அவர் இறந்தபின் பார்த்தால் சொத்தைவிடக் கடன்தான் அதிகம்.

‘தடை உரிமம் வாங்கித் தருகிறேன், கட்டணம் கொடுங்கள்’ என்று தரகர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். உரிமம் தருவது நிதித்துறையின் கீழுள்ள அலுவலகம், தரகர் அல்ல. அவர் காட்டும் வக்கீலும் வேண்டாம். நீங்களாகத் தேடிய வக்கீலின் வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் பணம் போடுங்கள்.

இன்றைக்கே அந்த ஓ.இ. எண்ணைக் கேளுங்கள். ‘அதெல்லாம் அப்புறம்’ என்றால் வேறு வீடு பாருங்கள்.