காய்ந்த லாலாங் புல்லை எரிக்கலாமா?
வணக்கம். ஈசூன் சமூகத் தோட்டத்தின் ஓரத்தில் காய்ந்து கிடக்கும் லாலாங் புல்லை, ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லேண்ட் பழங்குடியினரைப் போல எல்லாரும் கூடி அளவோடு எரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், சிங்கப்பூரில் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை உண்டு. ஆர்னம் லேண்ட் மக்கள் வறட்சிப் பருவத்தின் தொடக்கத்தில், புல்லில் ஈரப்பசை இருக்கும்போதே சிறு சிறு தீயாக வைத்து, இரவுப் பனியில் அது தானே அவியும்படி பார்த்துக்கொள்வதால்தான் பின்னர் பெருந்தீ பரவுவது குறைகிறது. லாலாங்கின் கதை வேறு. மண்ணைக் கிளறினால் கூர்முனை கொண்ட வெள்ளைத் தண்டுகள் தெரியும்; மேலே எரித்தாலும் அவை சாகாமல் மறுபடியும் துளிர்க்கும் (என் மண்வெட்டியைக் கேட்டால் சொல்லும்). மழைக்கு மறுநாள் அவற்றைத் தோண்டியெடுத்து, காகித அட்டைகளை விரித்து, அவற்றின்மேல் மூடாக்கு (மண்ணை மூடும் இலைதழை) இடுங்கள். சிகரெட் துண்டுகள் விழுந்து தீப்பிடிக்காமலிருக்க, நடைபாதையோரப் புல்லை முதலில் வெட்டிவிடுங்கள்.