முதியோர் இல்லத்துக்கு வங்கி அட்டையைக் கொடுக்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு நகரிலுள்ள முதியோர் இல்லமொன்றுக்கு மாறியுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாதக் கட்டணத்தை எடுத்துக்கொள்ள என் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் இல்லத்தில் கேட்கிறார்கள். கனடாவிலுள்ள மகனோ, கல்முனையிலுள்ள மகளின் பெயருக்கு அற்றோணித் தத்துவம் (என் சார்பில் செயற்பட அதிகாரமளிக்கும் பத்திரம்) எழுதச் சொல்கிறார். எதைச் செய்வது?"

அட்டையைக் கொடுக்க வேண்டாம். இரகசிய இலக்கத்தை அழுத்தி எடுக்கப்படும் பணத்தை நீங்களே எடுத்ததாகத்தான் வங்கி கருதும். பின்னர் கணக்கில் குறை தெரிந்தாலும் உங்களிடம் ஆதாரம் இராது, நேர்மையான நிர்வாகியும் வீண் பழிக்கு ஆளாவார். ஓய்வூதியம் வரவு வைக்கப்பட்டதும் கட்டணத் தொகை மட்டும் இல்லத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு (ஊழியர் ஒருவரின் கணக்குக்கு அல்ல) செல்லும்படி வங்கியில் நிலையான கட்டளை எழுதிக் கொடுங்கள். மருந்து, ரீலோட், பேரப்பிள்ளைகள் வந்தால் கையில் வைக்கும் காசு போன்றவற்றுக்குச் சிறுதொகை வைத்த இன்னொரு கணக்கு போதும். இரு கணக்குகளின் குறுஞ்செய்தியும் உங்கள் தொலைபேசிக்கே வரட்டும்.

அற்றோணித் தத்துவத்தில் இன்னும் கவனம் வேண்டும். மகளை நம்புவது வேறு, எல்லா அதிகாரத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பது வேறு. வங்கி அலுவலுக்கு மட்டுமான விசேட தத்துவத்தையே நொத்தாரிசிடம் கேளுங்கள்; காணியை விற்கவோ ஈடுவைக்கவோ அதிகாரமளிக்கும் வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நம் பகுதியில் பலர் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுச் சீவிய உருத்தை (ஆயுள் முழுவதும் அதில் வாழ்ந்து அனுபவிக்கும் உரிமையை) மாத்திரமே வைத்திருப்பதால், அதையும் விட்டுக்கொடுக்கும் வாசகம் உள்ளதா என்று பார்ப்பது அவசியம். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் வாசித்து விளக்கிய பின்னரே கையொப்பமிடுங்கள். மனம் மாறினால் இரத்துச் செய்யலாம். ஆனால் நீங்கள் சுயமாக முடிவெடுக்கும் நிலையை இழந்தால் இத்தத்துவம் செல்லாது. அதன்பின் மகள் மாவட்ட நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும். நிலையான வைப்புகளுக்குப் பின்னுரித்தாளரையும் (உங்கள் மறைவுக்குப் பின் பணத்தைப் பெறுபவரையும்) சுயமாக முடிவெடுக்க முடிகிற இப்போதே நியமித்துவிடுங்கள்.

உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்தும் வருடாந்தச் சான்றிதழைச் சமர்ப்பிக்கத் தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். முகவரி மாற்றத்தைப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்கு அறிவித்து, சான்றிதழை இனி எங்கே ஒப்படைப்பதென்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையைத் தரும்படி இல்லத்தில் தொடர்ந்து வற்புறுத்தினால், இல்லம் அமைந்துள்ள பகுதியின் பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிட்டு, பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.