குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானம் போதாதா?

கேள்வி: எனக்கு வயது 58. மயிலாடுதுறை மாவட்டத்தில் ஒரு லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவள். பிறந்த நாற்பதாம் நாள் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பதினைந்து வயதில் திடப்படுத்தல் பெற்றேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் என் கணவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. சென்னையில் இருக்கும் என் மகன் ஒரு சுயாதீன சபைக்குப் போகிறான். அவன் "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்ற மாற்கு 16:16-ஐக் காட்டி, "விசுவாசிக்கத் தெரியாத வயதில் தலையில் தண்ணீர் ஊற்றியது ஞானஸ்நானமே இல்லை அம்மா, இப்போது விசுவாசித்து முழுக்கு எடுத்தால்தான் இரட்சிப்பு" என்கிறான். அடுத்த மாதம் நாளும் குறித்துவிட்டான். என்னையே சோதித்துப் பார்த்தால் எனக்கு விசுவாசம் இருப்பதாகவே தெரியவில்லை. தகுதியில்லை என்று நான்கு மாதமாகத் திருவிருந்துக்கும் போகவில்லை. மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தால் எனக்கு நிச்சயம் கிடைக்குமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு, சமாதானம் உண்டாவதாக.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஞானஸ்நானம் பெற்றவர். அதில் எந்தக் குறையும் இல்லை. இன்னொன்று உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் தேடுகிற நிச்சயம் இரண்டாவது ஞானஸ்நானத்தில் கிடைக்கவும் கிடைக்காது. அது ஏன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

உங்கள் மகன் உங்கள் மீதுள்ள பாசத்தினால் பேசுகிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாய் இரட்சிப்படைய வேண்டுமென்று ஒரு மகன் தவிப்பதை எந்தப் போதகரும் இலேசாக எண்ணக் கூடாது. தண்ணீரின் அளவைப் பற்றி அவரோடு வாதாடவும் வேண்டாம். நம் சபை யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1526-இல் வெளியிட்ட ஞானஸ்நான முறைமையிலேயே குழந்தையைத் தொட்டியில் அமிழ்த்தும்படிதான் எழுதியிருக்கிறார். முழுக்கை நாம் ஒருபோதும் தவறென்று சொன்னதில்லை. அவர் சபைக்கும் நம் சபைக்கும் உள்ள வேறுபாடு, ஞானஸ்நானத்தில் செயல்படுகிறவர் யார் என்கிற கேள்வியில் இருக்கிறது. விசுவாசித்த மனிதர் தம் விசுவாசத்தை உலகறிய அறிக்கையிடும் செயல் அது என்று அவர்கள் போதிக்கிறார்கள். அப்படியானால் விசுவாசம் முதலில் இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செயலுக்குப் பொருளில்லை. லுத்தரன் சபையோ, ஞானஸ்நானம் கொடுக்கிறவர் தேவனே என்று போதிக்கிறது. சபைகுருவின் கை அவருக்குக் கருவி. தண்ணீரோடு சேர்ந்து வருகிற வார்த்தை அவருடையது. 1529-இல் லுத்தர் கேள்வி-பதிலாக வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் என்ற பாடநூலில், ஞானஸ்நானம் வெறும் தண்ணீர் மாத்திரம் அல்ல, தேவனுடைய கட்டளைக்குள் அடங்கி அவருடைய வார்த்தையோடு இணைந்த தண்ணீர் என்று நீங்கள் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் பெயர்த்த நூல்களுள் அந்தச் சிறிய ஞானோபதேசமும் ஒன்று. உங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஒப்பித்து வந்த பாடம் அது. உங்கள் மகன் காட்டுகிற மாற்கு 16:16 அதே ஞானஸ்நானப் பகுதியில் எடுத்துக் காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே, அந்த வசனத்தை நம் முன்னோர் பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் மனத்தை வாட்டும் காரியத்துக்கு வருகிறேன். "எனக்கு விசுவாசம் இருப்பதாகவே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, நீங்கள் பார்த்த இடத்தில் அது தெரியாது. தன் உள்ளத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அங்கே காண்பது சந்தேகத்தையும் சோர்வையும் துக்கத்தையும்தான். நியாயப்பிரமாணத்தையும் சுவிசேஷத்தையும் பிரித்தறிய வேண்டும் என்று லுத்தர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியது இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான். நியாயப்பிரமாணம் 'செய்' என்று கட்டளையிட்டு, செய்யாத நம்மைக் குற்றவாளியாக நிறுத்துகிறது. சுவிசேஷம் 'உனக்காகச் செய்யப்பட்டது, பெற்றுக்கொள்' என்று கொடுக்கிறது. 'நீ உண்மையாக விசுவாசித்தால்தான், உன் விசுவாசம் போதுமான அளவு இருந்தால்தான்' என்று சொல்லத் தொடங்கும்போது, விசுவாசமே நாம் செய்துமுடிக்க வேண்டிய இன்னொரு கிரியையாகிவிடுகிறது. சுவிசேஷத்தின் பேரைச் சொல்லிக்கொண்டே நியாயப்பிரமாணம் மறுபடியும் நம் தோளில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. கிரியைகளினால் நீதிமானாக முயன்று களைத்துப்போன மனிதருக்கு, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்பது ஆறுதலான செய்தி. அதை ஒரு தேர்வாக மாற்றிவிட்டால் அதில் ஆறுதல் எங்கே இருக்கும்?

1528-இல் மறுஞானஸ்நானத்தைப் பற்றி இரண்டு போதகர்களுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் லுத்தர் இதையே நேராகச் சொல்கிறார். ஒருவர் தம் விசுவாசத்தை ஆதாரமாக வைத்து ஞானஸ்நானம் பெற்றால், நாளைக்கே அவருக்குச் சோதனை வந்து, 'நேற்றைய விசுவாசம் சரியானதல்ல, இப்போதுதான் உண்மையாக விசுவாசிக்கிறேன்' என்று தோன்றும். உடனே மூன்றாவது ஞானஸ்நானம் வேண்டியதாகும். அதற்கு முடிவே இராது. நீங்கள் அடுத்த மாதம் முழுக்கு எடுத்து, பிறகு உங்கள் கணவரின் நினைவு நாளில் மறுபடியும் வார்த்தையின்றி உட்கார்ந்திருக்க நேர்ந்தால், அந்த முழுக்கின்போது இருந்த விசுவாசமும் பொய்யோ என்று உங்கள் மனம் கேட்காதா? அதனால்தான் அங்கே நிச்சயம் கிடைக்காது என்று தொடக்கத்தில் எழுதினேன்.

குழந்தைகள் விசுவாசிக்கிறார்களா என்ற கேள்வியைப் பெரிய ஞானோபதேசத்தில் லுத்தர் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். குழந்தை விசுவாசிக்கும் என்ற நம்பிக்கையோடு அதைக் கொண்டுவருகிறோம், தேவன் அதற்கு விசுவாசம் அருளும்படி ஜெபிக்கிறோம், ஆனாலும் அந்த ஆதாரத்தின்மேல் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, தேவன் கட்டளையிட்டார் என்பதற்காகவே கொடுக்கிறோம் என்கிறார். வயதுவந்தவருக்கும் இதே நிலைதான் என்று தம்மையும் சேர்த்துக்கொண்டு சொல்கிறார். பெண்ணொருத்தி பாவத்தில் நடந்துகொண்டே அணிந்தாலும் தங்கம் தங்கமாகவே இருக்கிறது என்பது அவர் காட்டும் உவமை. பெற்றவர் தவறாகப் பயன்படுத்தியதால் கொடுத்தவரின் கொடை பொய்யாகிவிடாது. லுத்தரும் பிறந்த மறுநாள், 1483 நவம்பர் 11 அன்று, ஐஸ்லேபனில் ஞானஸ்நானம் பெற்றவர். ரோமச் சபையோடு அவ்வளவு போராடியும், அந்தச் சபையில் பெற்ற அந்த ஞானஸ்நானத்தை அவர் தள்ளிவிடவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு மருத்துவமனையில்தான் புரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என் சபையைச் சேர்ந்த ஓர் இளம் தந்தை நள்ளிரவில் அழைத்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, என் உள்ளங்கையைவிடச் சற்றே நீளம். கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துளை வழியாக ஒரு கையை மட்டும் உள்ளே விட அனுமதித்தார்கள். செவிலியர் ஒருவர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டுவந்தார். பஞ்சை நனைத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று சொல்லி, மூன்று முறை நெற்றியில் சொட்டவிட்டேன். குழந்தை கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அடக்க ஆராதனை நடத்தினேன். அந்தத் தாயிடம் அவள் பிள்ளையின் விசுவாசத்தைப் பற்றியோ, என் ஜெபத்தைப் பற்றியோ பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. தேவன் தம் நாமத்தை அந்தப் பிள்ளைமேல் வைத்தார் என்று சொல்ல முடிந்தது. அதைத் தயக்கமில்லாமல் சொன்னேன். "நாம் செய்த நீதியின் கிரியைகளினிமித்தம் அவர் நம்மை இரட்சியாமல், தமது இரக்கத்தின்படியே" என்று தீத்து 3:5 தொடங்குவதன் பொருள் அன்றைக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. தேவனுக்கு முன்பாக நீங்களும் நானும் அந்தக் குழந்தையைவிட அதிகமாக எதையும் கையில் கொண்டுவந்தவர்கள் அல்லர்.

அப்படியென்றால் விசுவாசம் தேவையில்லையா என்று உங்கள் மகன் கேட்பார். தேவை, வாக்குறுதியை விசுவாசத்தினாலேயன்றி வேறு எதனாலும் பெற முடியாது. ஆனால் அந்த விசுவாசம் எங்கிருந்து வருகிறது? 1530 ஜூன் 25 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன் வாசிக்கப்பட்ட, லுத்தரன் சபையின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் நான்காம் பிரிவு நீதிமானாக்கப்படுதலைச் சொல்கிறது. உடனே அடுத்த பிரிவு, இந்த விசுவாசத்தை நாம் அடையும்படியே தேவன் சுவிசேஷத்தையும் சாக்கிரமந்துகளையும் கொடுக்கும் ஊழியத்தை ஏற்படுத்தினார் என்கிறது. வார்த்தையும் ஞானஸ்நானமும் திருவிருந்தும் வழியாகப் பரிசுத்த ஆவியானவர் விசுவாசத்தை உண்டாக்குகிறார்; குறைந்துபோகும்போது போஷிக்கிறவரும் அவரே. விசுவாசம் வெறுங்கை. பலவீனமான கையில் வைத்தாலும் தங்கம் அதே தங்கம்தான். லுத்தர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு எழுதிய கடைசிக் குறிப்பில், நாம் பிச்சைக்காரர், இது உண்மை என்று எழுதிவைத்தார். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. அவன் மகனைச் சுகமாக்கினார். உங்கள் வார்த்தையற்ற ஜெபத்தை நான் அந்தத் தகப்பனுடைய ஜெபத்தோடு சேர்த்தே எண்ணுகிறேன். விசுவாசமே இல்லாதவர், விசுவாசம் இல்லையே என்று நான்கு மாதம் அழுதுகொண்டிருக்க மாட்டார்.

குழந்தையில் பெற்றதோடு காரியம் முடிந்துவிட்டது, இனி எப்படியும் வாழலாம் என்பதும் நம் போதனை அல்ல. நமக்குள் இருக்கிற பழைய ஆதாம் நாள்தோறும் மனஸ்தாபத்தினாலும் மனந்திரும்புதலினாலும் அமிழ்ந்து சாகவும், புதிய மனிதன் நாள்தோறும் எழும்பி வரவும் வேண்டும் என்பதே தண்ணீர் ஞானஸ்நானத்தின் பொருள் என்று ஞானோபதேசம் கற்பிக்கிறது. விசுவாசி இந்த உலகில் இருக்கும்வரை ஒரே வேளையில் நீதிமானும் பாவியும்தான். இதைப் பற்றி லுத்தர் ஒரு பழைய உவமையைத் திருத்துகிறார். பாவத்தில் விழுந்தவனுக்கு ஞானஸ்நானம் என்னும் கப்பல் உடைந்துவிட்டது, மனந்திரும்புதல் என்னும் பலகையைப் பிடித்துத்தான் கரையேற வேண்டும் என்று ஆதிச்சபைப் பிதாவான ஜெரோம் எழுதியிருந்தார். லுத்தரோ, கப்பல் உடைவதில்லை, அது தேவனுடைய ஏற்பாடு, நாம்தான் தவறிக் கடலில் விழுகிறோம், விழுந்தவர் நீந்திவந்து அதே கப்பலைப் பற்றிக்கொள்ளட்டும் என்கிறார். உங்களுக்கு வேறு கப்பல் வேண்டாம், அம்மா. காலையில் எழுந்தவுடன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லிச் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்ளும்படி ஞானோபதேசத்தின் காலை ஜெபம் சொல்லிக்கொடுக்கிறது. வேறு வார்த்தை வராத நாளில் அதுவே முழு ஜெபமாக இருக்கட்டும்; உங்கள்மேல் முதலில் சொல்லப்பட்ட நாமம் அதுதான்.

திருவிருந்தை விட்டிருப்பதைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன். தகுதியானவர் யார் என்ற கேள்விக்கு ஞானோபதேசம் கொடுக்கும் விடை, "உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது" என்ற வார்த்தையை விசுவாசிக்கிறவர் என்பது. அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்து தம் மெய்யான சரீரத்தையும் இரத்தத்தையும் தருகிறார் என்று நாம் அறிக்கையிடுகிறோம். 1529-இல் மார்பர்க்கில், அப்பமும் ரசமும் அடையாளம் மட்டுமே என்று போதித்த சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்கிலியோடு நடந்த விவாதத்தில் லுத்தர் "இது என் சரீரம்" என்ற வார்த்தையை மேசையில் சுண்ணாம்பினால் எழுதிவைத்து, அதைவிட்டு அசைய மறுத்தார். பலவீனருக்கு உணவாகத்தான் அது தரப்படுகிறது. அடுத்த திருவிருந்து ஆராதனைக்குப் போங்கள். அதற்கு முன்பு சபைகுருவிடம் தனியாகப் பாவ அறிக்கை செய்து, பாவமன்னிப்பின் வார்த்தையை உங்கள் காதால் கேட்பதும் நல்லது. நம் சபையில் அந்த வழக்கம் அருகிப்போனது எனக்கு வருத்தம்.

மகனிடம் சண்டை வேண்டாம். "நீ குறித்த நாளில் நான் முழுக்கு எடுக்கப்போவதில்லை, தேவன் எனக்கு ஒருமுறை கொடுத்ததைப் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். எபேசியர் 4:5-இல் "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்" என்றிருப்பதை இருவரும் சேர்ந்து படியுங்கள். அவர் சபையில் சுவிசேஷம் கேட்கப்படுகிற அளவுக்கு அவருக்காக நன்றி செலுத்துங்கள்.

இந்த வாரமே உங்கள் சபைகுருவிடம் போய், ஞானஸ்நானப் பதிவேட்டில் நீங்கள் பிறந்த ஆண்டின் பக்கத்தைக் காட்டும்படி கேளுங்கள். உங்கள் பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், கொடுத்தவர் கையெழுத்து, நாள் எல்லாம் அங்கே இருக்கும். அந்த நாளை உங்கள் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கணவரும் அதே சபையில் பிறந்தவரானால், சில ஏடுகள் முன்னே தள்ளினால் அவர் பெயரும் இருக்கும். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.