வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியல்: 180 பேரில் 40 பேருக்குத்தான் போகிறது

முறுக்கு விற்கும் நீங்கள், ஒலிபரப்புப் பட்டியலில் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகப் போகும்படி ஒரே முறையில் அனுப்பும் வசதி, broadcast list) 180 பேருக்கு அனுப்பிய தீபாவளிச் செய்தி 40 பேருக்குத்தான் போனது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே இந்தப் பட்டியலின் செய்தி போய்ச் சேரும். உங்கள் போனில் அவர்கள் எண் இருந்தால் போதாது. டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் உங்களிடம் முறுக்கு வாங்கிப் போனவர்கள் உங்கள் எண்ணைச் சேமிக்காமல் விட்டிருப்பார்கள். காரணம் பெரும்பாலும் இதுதான்.

உறுதி செய்துகொள்ள, தீபாவளிச் செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறங்கள். யாருக்குச் சேர்ந்தது என்ற பட்டியல் வரும். அதில் இல்லாத ஐந்து பேருக்கு அதே செய்தியைத் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள். இரண்டு டிக் விழுந்தால் சந்தேகம் தீர்ந்தது.

நானும் காவடி மாதத்தில் மசாலா விற்றபோது இதில்தான் மாட்டினேன். பிறகு ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினேன்: "இந்த எண்ணைச் சேமித்து, 'மசாலா' என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்." வாடிக்கையாளரே முதலில் எழுதியதால் பேச்சும் தொடங்கியது, காரம் கூடுதலா குறைவா என்று கேட்டு, அடுத்த முறை அதன்படி அரைத்துக் கொடுத்தேன். விளம்பரத்தைவிட அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பதில் வந்தது.

ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். உங்களுக்கு இப்போது அது தடையில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கோயில் குழுக்களிலிருந்து எண்களை எடுத்துச் சேர்க்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலை முதல் எல்லோரும் பின்பற்றியாக வேண்டிய போப்பியா (POPIA) என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களிடம் வாங்காதவருக்கு விளம்பரம் அனுப்ப அவருடைய சம்மதம் தேவை. வாங்கியவர் "வேண்டாம்" என்றாலும் உடனே நீக்கிவிடுங்கள்.